பப்பாளி மாவுப்பூச்சியும் ஒரு பல்கலைக்கழகத்தின் தொடர்புகளும்: கொங்கு நாட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2008ஆம் ஆண்டில் கோவை வட்டாரத்துப் பப்பாளித் தோட்டங்களில் புதிதாக ஒரு வெள்ளை தென்பட்டது. இலையின் அடியில், நரம்பை ஒட்டித் துளித்துளியாகத் தொடங்கும். காம்பு, தண்டு என்று ஏறிக் கடைசியில் காயே தெரியாமல் அப்பிக்கொள்ளும். இலை சுருங்கும். பூச்சி கழிக்கும் பிசுபிசுத்த நீரில் கரும்பூசணம் படரும். எறும்பு வரிசை கட்டும். மாவுப்பூச்சி, அதாவது ஊர்வழக்கில் கள்ளிப்பூச்சி, கொங்கு விவசாயிக்குப் புதிது இல்லை. பருத்தியிலும் கொய்யாவிலும் பார்த்ததுதான். ஆனால் இது வழக்கமான மருந்துக்கு அடங்கவில்லை. உடம்பின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடுவதில்லை. அடித்த பத்தாம் நாள் மறுபடி வெள்ளை.

இந்தப் பூச்சியின் உயிரியல் பற்றிப் பூச்சியியலார் நிறைய எழுதிவிட்டார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறொன்று. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்ற அரசுப் பல்கலைக்கழகம் தனக்கு வெளியே உள்ளவர்களோடு வைத்திருந்த தொடர்புகள் இந்த நெருக்கடியில் எப்படி வேலை செய்தன, எங்கே தாமதித்தன, ஊர்மக்கள் எந்த இடத்தில் பங்காளிகள் ஆனார்கள் என்பதே கேள்வி. சமூகக் கூட்டுறவு என்ற தலைப்பில் நம் பல்கலைக்கழகங்களில் கருத்தரங்குகள் நடந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் எடுத்துக்காட்டுக்கு அயல்நாடு போகிறார்கள். கோவையிலேயே நடந்த இதைப் பேசுபவர்கள் குறைவு.

யாருக்கெல்லாம் அடி

பெயரில் பப்பாளி இருந்தாலும் பூச்சி பப்பாளியோடு நிற்கவில்லை. கத்தரி, வெண்டை, பருத்தி, செம்பருத்தி, வேலியோரத்துப் பார்த்தீனியம் வரை பரவியது. கொங்கு நாட்டில் மூன்று கூட்டத்தார் அதிகம் தவித்தார்கள். முதலாவது, பப்பாளிக்காரர்கள். கோவை, திருப்பூர்ப் பக்கம் பழத்துக்கு மட்டும் பப்பாளி வைப்பதில்லை. காயைக் கீறிப் பால் எடுத்துப் பப்பைன் என்ற நொதி தயாரிக்கக் கொடுப்பவர்களும் உண்டு. காயில் மாவு அப்பிவிட்டால் அந்த வருமானமும் போயிற்று. இரண்டாவது, சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களின் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி விவசாயிகள். அவர்களுக்குப் பின்னால் சேகோ ஆலைகள் இருக்கின்றன. 1981இல் தொடங்கிய சேலம் சேகோசர்வ் கூட்டுறவு வழியாக ஜவ்வரிசி விற்கும் ஒரு தொழிலே அந்தக் கிழங்கை நம்பித்தான் ஓடுகிறது.

மூன்றாவது கூட்டத்தார்தான் எனக்கு முக்கியமானவர்கள்: உடுமலை, திருப்பூர், கோபி வட்டாரத்தில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்ப்பவர்கள். அவர்களால் மருந்தே அடிக்க முடியாது. மல்பெரி இலையில் நஞ்சு இருந்தால் புழு சாகும். அடிக்காமல் விட்டால் இலையே இருக்காது. பலர் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். மல்பெரி ஒரு முறை நட்டால் பல ஆண்டு பலன் தருவது. அதை வேரோடு பிடுங்குவது சாதாரண முடிவு அல்ல.

குவாமில் பார்த்த கண்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971இல் பல்கலைக்கழகமானது. அதன் வேர் 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியில் இருக்கிறது. 1906இல் அது கோவைக்கு இடம்பெயர்ந்தது. நூற்றாண்டு கடந்த நிறுவனம் என்றால் நூற்றாண்டு கடந்த பழக்கவழக்கங்களும் இருக்கும். வந்துபோகும் பழைய அறிமுகங்களும் இருக்கும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்புத் திட்டத்தின் இயக்குநர் ஆர். முனியப்பன் 2008இல் கோவை வந்திருந்தார். பூச்சியைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. அதற்கு முன் பசிபிக் கடலின் குவாம் தீவில் அவர் வேலை பார்த்தபோது, இதே பூச்சியை அங்கே கட்டுப்படுத்திய குழுவில் இருந்தவர் அவர். பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்ற இந்தப் பூச்சியின் தாயகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும். 1990களில் கரீபியத் தீவுகளுக்கும், 1998இல் புளோரிடாவுக்கும், 2002இல் குவாமுக்கும் போய்ச் சேர்ந்தது. போன இடமெல்லாம் அதன் பின்னாலேயே அதன் இயற்கை எதிரியான சின்னக் குளவிகளைக் கொண்டுபோய் விட்டு அடக்கினார்கள். அந்தக் குளவிகள் கரீபியக் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோவில் வளர்க்கப்பட்டு வந்தன.

ஆகவே கோவைக்கு 2008இலேயே மூன்று விஷயம் தெரிந்துவிட்டது: பூச்சியின் பெயர், அதை அடக்குவது எது, அது யாரிடம் இருக்கிறது. எந்த ஆய்வகத்தின் கருவியும் இதைச் சொல்லவில்லை. உலகத்தின் வேறொரு மூலையில் இதே தொல்லையைப் பார்த்த ஒருவர் இங்கே வருவதும், தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதும், இங்குள்ளவர்களோடு பேசுவதும் வழக்கமாக இருந்ததால் கிடைத்தது அது. தொடர்புத் திறன் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவது பெரும்பாலும் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வதும் கைகுலுக்குவதும்தான். அவசரம் எதுவும் இல்லாத காலத்தில் ஒருவரை ஊருக்கு அழைத்து, ஏசி அறையில் உட்கார வைக்காமல் தோட்டத்துக்குக் கூட்டிப் போவதையே நான் அந்தத் திறனின் முதல் பாடமாக வைப்பேன்.

இரண்டு ஆண்டு இடைவெளி

ஆனால் குளவி கோவைத் தோட்டத்தில் பறந்தது 2010 அக்டோபரில்தான். விவசாயி கணக்கில் இரண்டு ஆண்டு என்பது ஒரு பப்பாளித் தோட்டத்தின் முழு ஆயுள்.

இதில் ஒரு பகுதி தவிர்க்க முடியாதது. வெளிநாட்டு உயிரினத்தை மாநிலப் பல்கலைக்கழகம் தன் விருப்பத்துக்கு இறக்குமதி செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அந்தப் பொறுப்பு பெங்களூரில் உள்ள மத்திய நிறுவனத்துடையது. அன்று அதன் பெயர் தேசிய வேளாண் முக்கியத்துவப் பூச்சிகள் பணியகம். இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம். அனுமதி வாங்க வேண்டும், அமெரிக்க வேளாண் துறையின் வழியாகப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்க வேண்டும், பூட்டிய கூடத்தில் வைத்து நம் பட்டுப்புழுவையும் தேனீயையும் தொடாதா என்று சோதிக்க வேண்டும். இவை நடந்தே தீர வேண்டிய வேலைகள். இதில் அவசரம் காட்டச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மற்றொரு பகுதி தவிர்த்திருக்கக்கூடியது. அந்த இடைக்காலத்தில் தோட்டங்களில் மருந்து மேல் மருந்து ஓடியது. உள்ளூரிலேயே இந்த மாவுப்பூச்சியைத் தின்னும் ஆட்கள் இருந்தார்கள். ஸ்பால்ஜிஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள்ளேயே கிடந்து தின்று வளரும். கிரிப்டோலேமஸ் பொறிவண்டும் உண்டு. பெருகிவிட்ட பூச்சியை இவற்றால் மட்டும் அடக்க முடியாது என்பது உண்மை. இருந்தாலும் இருந்ததையும் மருந்து கொன்றது. "இன்ன குளவி வரப்போகிறது, வரும்வரை இதை மட்டும் செய்யுங்கள்" என்று ஊருக்குள் சொல்லக்கூடிய ஆள்தொடர் அன்று முழுதாக இல்லை. மேலே கடல் தாண்டிய தொடர்பு பலமாக இருந்தது. கீழே தோட்டம் வரைக்கும் போகிற தொடர்பு இடையிடையே அறுந்திருந்தது.

ஒரு சிற்றூருக்கு நூறு குளவி

மூன்று வகைக் குளவி வந்தது. கொங்கு மண்ணில் நன்றாக நிலைத்தது அசிரோபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டருக்கும் சின்னது. மஞ்சள் நிறம். பெண் குளவி இளம் மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையைச் செலுத்தும். உள்ளே புழு வளரவளர மாவுப்பூச்சி உப்பிக் கெட்டியாகி, பழுப்பு நிறக் குப்பி போல் ஆகிவிடும். அதில் வட்டமாக ஒரு துளை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். அந்தத் துளை விழுந்த கூட்டை ஒரு கைலென்சில் பார்த்துவிட்ட விவசாயிக்கு அப்புறம் நாம் எதையும் விளக்க வேண்டியதில்லை. என் அனுபவத்தில் பத்துப் பக்கத் துண்டறிக்கை செய்யாததை அந்த லென்ஸ் செய்திருக்கிறது.

குளவியைப் பெருக்கும் முறை எளிமையானது. உருளைக்கிழங்கை இருட்டில் முளைக்க விட்டு, அந்த முளைகளில் மாவுப்பூச்சியை ஏற்றி, அது பெருகியதும் குளவியை விடுவார்கள். மூன்று வாரத்துக்குள் அடுத்த தலைமுறை கிடைக்கும். ஒரு அறை, தட்டுகள், துணி கட்டிய கூண்டுகள் போதும். இவ்வளவு எளிதாக இருந்ததால்தான் கோவை வளாகத்தோடு நிறுத்தாமல், பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் வளர்க்க முடிந்தது. ஒரே இடத்தில் வைத்து எல்லோரையும் வரச் சொல்லியிருந்தால் கூட்டம் சேர்ந்திருக்கும். குளவி சேர்ந்திருக்காது.

ஆராய்ச்சியில் கண்டதை மாவட்டத்து விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் வேளாண் அறிவியல் நிலையம் என்ற அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில், இதே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. இன்று கொங்கு நாட்டில் இந்த நிலையங்கள் ஒரே கையில் இல்லை. சேலத்துச் சந்தியூர் நிலையம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. நாமக்கல் நிலையம் கால்நடைப் பல்கலைக்கழகத்திடமும், கோபி நிலையம் மைராடா தொண்டு நிறுவனத்திடமும், கோவை மாவட்ட நிலையம் அவினாசிலிங்கம் நிறுவனத்திடமும் இருக்கின்றன. பூச்சிக்கு இந்த நிர்வாக எல்லை தெரியாது. ஆகவே நான்கு நிர்வாகமும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கிற அளவுக்குப் பழகியிருந்தால்தான் வேலை நடக்கும்.

பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் என்னைக் கவர்ந்த ஒரு வரி உண்டு: சிற்றூர் ஒன்றுக்கு 100 குளவி. ஏக்கருக்கு இத்தனை, மரத்துக்கு இத்தனை என்று எழுதாமல் ஊரை அளவாக வைத்தார்கள். குளவி வரப்பு பார்த்து நிற்காது. என் தோட்டத்தில் விட்டால் உன் தோட்டத்துக்கும் வரும். இதை யாரும் தனியாக வாங்க வேண்டியதில்லை, விற்று லாபம் பார்க்கவும் முடியாது. அதனால்தான் இந்த வேலையைத் தனியார் நிறுவனம் எதுவும் தேடி வந்து செய்யாது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் செய்தே ஆக வேண்டிய வேலை இதுதான்.

ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது இரண்டு. குளவி விட்ட பிறகு மருந்து அடிக்காமல் இருப்பது ஒன்று. குளவி பிடித்த இலைகளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுவது இன்னொன்று. இரண்டாவது எளிது. முதலாவது மிகக் கடினம். பூச்சியைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நில் என்று ஒருவரிடம் சொல்வது சின்ன விஷயமா? "ஏனுங் சார், நான் அடிக்காம உடறனுங். பக்கத்துக் காட்டுக்காரரு அடிச்சுப்போட்டா உங்க குளவி என்னாகறதுங்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பக்கத்துக் காட்டுக்காரரையும் கூட்டத்தில் உட்கார வைப்பதுதான்.

இந்த இடத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் முன்னால் நின்றார்கள் என்பது என் கணிப்பு. அவர்களுக்குள் ஏற்கெனவே ஒரு பின்னல் இருந்தது. இளம்புழுவை, அதை வளர்த்துத் தரும் சாக்கி சென்டரில் ஒன்றாக வாங்குவார்கள். கூடு விற்க அங்காடியில் சந்திப்பார்கள். அக்கம்பக்கத்தில் யார் எப்போது மருந்து அடிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும், காற்றில் வரும் நஞ்சே புழுவைக் கொல்லும் என்பதால். மருந்தில்லாமல் இருப்பது அவர்களுக்குப் பழகிப்போனது. பல்கலைக்கழகம் புதிதாகக் குழு ஒன்று அமைத்துப் பெயர் வைத்து வங்கிக் கணக்குத் திறக்க வேண்டிய தேவை இல்லை. இருக்கிற பின்னலில் போய்ச் சேர்ந்துகொண்டால் போதும். சமூகக் கூட்டுறவு வேலையில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பால் சொசைட்டி, கோயில் கமிட்டி, வாய்க்கால் பாசன சபை என்று ஊரில் ஏற்கெனவே கூடும் இடம் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு நாம் புதிதாகக் கூட்டுகிற கூட்டம் அடுத்த ஆண்டு இருப்பதில்லை.

சில மாதங்களில் பூச்சி அடங்கத் தொடங்கியது. பிடுங்கிய இடங்களில் மறுபடி மல்பெரி வைத்தார்கள். வர்ஜீனியா டெக் ஆய்வாளர்களும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட பொருளாதார மதிப்பீடு, இந்த ஒரு முயற்சியால் தென்னிந்தியாவுக்கு ஐந்து ஆண்டில் கிடைத்த பலன் 50 கோடி டாலருக்கு மேல் என்றது. செலவோ அதில் மிகமிகச் சிறு பங்கு.

மருந்துக்கடை

இந்தக் கதையில் ஒரு ஆள் விடுபட்டுப் போகிறார். தோட்டத்தில் ஏதாவது என்றால் கொங்கு விவசாயி முதலில் போவது மருந்துக்கடைக்கு. பல்கலைக்கழகம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கடை பஸ் நிறுத்தத்திலேயே இருக்கும். கடைக்காரர் கடனும் கொடுப்பார், ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுப்பார். மருந்தே வேண்டாம் என்று சொல்லும் முயற்சியில் அவரை எதிரியாக வைத்தால் தோல்வி நிச்சயம். இடுபொருள் விற்பனையாளர்களுக்கென்று டேசி என்ற ஓராண்டு டிப்ளமோ 2003 முதல் நாட்டில் நடக்கிறது. வேளாண் அறிவியல் நிலையங்களிலும் நடத்துகிறார்கள். அதைச் சான்றிதழ் வகுப்பாக முடித்துவிடாமல், கடைக்காரரின் போன் எண்ணைப் பூச்சியியல் துறையின் கையிலும், துறையின் எண்ணைக் கடைச் சுவரிலும் கொண்டுவந்து சேர்த்தால் அதுவே பெரிய கூட்டுறவு. புதுப்பூச்சி வந்தால் முதலில் கேள்விப்படுபவர் அவர்தான்.

மறுபடியும் ஒரு மாவுப்பூச்சி

2020இல் குச்சிக்கிழங்குக்கென்றே ஒரு மாவுப்பூச்சி, பீனகாக்கஸ் மனிஹோட்டி, கேரளத்தில் கண்டறியப்பட்டது. பிறகு நாமக்கல், சேலம் தோட்டங்களிலும் நுனி சுருண்டு கொத்துக்கொத்தாக நின்றது. இதுவும் உலகுக்குப் பழைய பூச்சி. 1970களில் ஆப்பிரிக்காவில் இதே கிழங்கை அழித்து, பராகுவே நாட்டில் கண்டெடுத்த அனாகைரஸ் லோபெசி என்ற குளவியால் அடங்கியது. அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். தாய்லாந்தும் 2009இல் அதே குளவியை வரவழைத்துப் பயன்படுத்தியது.

நம் ஊருக்கு அது மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து வந்தது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் 2022 மார்ச்சில் முதன்முதலாகத் தோட்டத்தில் விடப்பட்டது. இடையில் கொரோனா முடக்கம் இருந்ததை மறக்கவில்லை. ஆனாலும் கண்டறிந்ததற்கும் குளவி பறந்ததற்கும் இடையே மறுபடி ஏறக்குறைய இரண்டு ஆண்டு. அண்டை நாட்டுக்குப் பூச்சி வந்த செய்தி கிடைத்த அன்றே, அங்கே வேலை செய்தவர் யார், குளவி எந்த ஆய்வகத்தில் இருக்கிறது, அனுமதிக்கு எந்தப் படிவம் என்று ஒரு கோப்பு தயாராகியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இதற்குப் பணம் தேவையில்லை. ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் மாற்றலாகிப் போகும்போது கோப்பை அடுத்தவர் கையில் கொடுக்க வைத்தால் போதும். நம் நிறுவனங்களில் தொடர்பு ஆளோடு பிறந்து ஆளோடு ஓய்வு பெறுகிறது. அதுதான் பெரிய இழப்பு.

மாணவர்கள் எங்கே கற்றுக்கொள்கிறார்கள்

இளங்கலை வேளாண் மாணவர்கள் இறுதியாண்டில் கிராமத் தங்கல் திட்டத்தில் ஊருக்குள் போய் இருப்பார்கள். அதில் ஒரு வேலை, ஊர்மக்களை வைத்து ஊரின் வரைபடத்தைத் தரையில் கலர் கோலப்பொடியால் போடுவது. ஈரோடு மாவட்டத்து ஊர் ஒன்றில், மாரியம்மன் கோயில் முன்னால் மாணவிகள் அப்படிப் போட்டுக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீலப்பொடியில் வாய்க்கால், பச்சையில் மஞ்சள் பயிரிட்ட காடு, சிவப்பில் வீடுகள். ஒரு பாட்டி தடியை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, "அம்மிணி, அந்தக் கெணத்த எதுக்குப் போட்டே? அது தூந்து போயி எத்தனையோ வருசமாச்சு. மேக்கால வளவுக்குப் போற தடத்தக் காணமே?" என்றார். "செரிங்க ஆத்தா, தடம் எப்படிங்க போகுது?" என்று அந்தப் பெண் கேட்க, பாட்டி தடியாலேயே மண்ணில் கோடு இழுத்துக் காட்டினார். அதன் மேல் பொடி விழுந்தது. அப்புறம் அவரே யார் தோட்டம் எது, எந்தக் கிணற்றில் உப்பு என்று சொல்லிக்கொண்டே போனார்.

இதைவிடச் சிறந்த தொடர்புப் பயிற்சி எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குள்ள வருத்தம், அந்த வரைபடம் சார்ட்டில் ஏறி, ரெக்கார்டு நோட்டில் ஒட்டப்பட்டு, மதிப்பெண் வாங்கியதும் அலமாரிக்குப் போய்விடுவதுதான். அடுத்த ஆண்டு அதே ஊருக்கு வரும் குழு தூர்ந்துபோன கிணற்றை மறுபடி போடுகிறது. ஒரு நகல் ஊராட்சி அலுவலகத்துக்கும் இன்னொரு நகல் அடுத்த குழுவுக்கும் போக வேண்டும். பாட்டியின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

தர மதிப்பீட்டுக்காகப் புரிந்துணர்வு ஒப்பந்தங்களை எண்ணும் பழக்கம் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. ஒப்பந்தம் தேவைதான். ஆனால் தொடர்ச்சி எங்கே இருக்கிறது என்று பார்க்க நான் நாமக்கல்லைக் காட்டுவேன். அங்கே 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனை மையம், கோழிப் பண்ணையாளர்களுக்கென்று வாரம் இருமுறை அறிக்கை தருகிறது. வெப்பம் இவ்வளவு வரும், தீவனத்தில் இதைச் சேருங்கள், இறந்த கோழிகளைப் பரிசோதித்ததில் இன்ன நோய் தெரிந்தது என்று அது செய்தித்தாளில் வரும். பண்ணையாளர் இறந்த கோழியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார், அதிலிருந்து தெரிந்தது எல்லோருக்கும் திரும்பி வருகிறது. பல இடங்களில் விவசாயி பூச்சியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வருவார், துறையில் வாங்கி வைப்பார்கள், அதோடு சரி. என்ன பூச்சி என்று அவருக்கு ஒரு போன் போகாது. அடுத்த முறை அவர் வரமாட்டார்.

2016இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. இந்தியாவில் முதலில் பதிவானதே அங்கேதான். இம்முறை என்கார்சியா என்ற குளவி தோப்புகளில் தானாகவே காணப்பட்டது. இறக்குமதி, அனுமதி எதற்கும் வேலை இல்லை. ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பெருக்கி, குளவி பிடித்த ஓலைத் துண்டுகளைத் தோப்புக்காரர்களுக்குத் தருகிறார்கள். மருந்து வேண்டாம், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள் என்று சொல்கிறார்கள். ஈ முழுதாகப் போய்விடவில்லை. கோடையில் மறுபடி ஓலை கருக்கிறது, மறுபடி கோபம் வருகிறது, வேரிலும் தண்டிலும் மருந்து கட்டச் சொல்லி ஆட்கள் தோப்புக்கே வருகிறார்கள். ஆழியாரிலிருந்து ஓலைத் துண்டு வாங்கிப் போனவரின் தோப்புக்கு, அந்தக் கோடையில் நிலையத்திலிருந்து யாராவது ஒரு தடவை போய் ஓலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோப்புக்காரரையும் அப்போது கூப்பிட்டுக்கொள்ள வேண்டும்.